அறுக்காமல் வைத்த டயர்கள்

சாம்பல் ஈரமாக இருந்தது.

மழையைக் கண்டு இரண்டு வருஷமாகி, புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள குளங்களெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்தச் சித்திரை மத்தியானத்தில், அடைக்கலத்தின் பழைய டயர் கடை மூலையில் குவித்திருந்த அடுப்புச் சாம்பல் மட்டும் பிசைந்த மாவு போலக் கையில் ஒட்டியது. பங்கிராஸ் வேட்டியில் துடைத்துக்கொண்டான். அதற்குள்ளே இரண்டு டயர்கள் புதைந்திருப்பது தெரிந்தது.

பங்கிராஸ், ரைஸ் மில் முதலாளி பெரியண்ணனின் டிரைவர். பெரியண்ணன் ஒரு துரையிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கிய ரேஸ் காரில் சீட்டு இரண்டே இரண்டு. தொப்பை ஸ்டீரிங்கில் இடிப்பதால் அவர் அதை ஓட்டியதே கிடையாது. ஓட்டியதெல்லாம் பங்கிராஸ்தான். அந்த மிதப்பில் அவன் பூசைக்குப் போனாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டான் என்று தெருவே சிரிக்கும்.

அன்று கண்ணாடி எங்கே போனதென்று அவனுக்கே தெரியாது. ஏழு வயது மகள் அருள்ராணிக்குத் தொண்டை அடைப்பான். பொழுது சாய்வதற்குள் திருச்சி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டாக வேண்டும் என்று சொல்லி டாக்டர் அங்கே போனும் போட்டுவிட்டார். காலை பஸ் போய்விட்டது. ஊரிலிருந்த ஒரே வாடகைக் கார் கல்யாணத்துக்குப் போயிருந்தது. "எடுத்துட்டுப் போடா" என்று பெரியண்ணனும் மனசு இரங்கினார். ஆனால் முன்டயர் இரண்டும் நார்நாராய்க் கிழிந்திருந்தன. காரை நாலு பேர் தள்ளிவந்து கடை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வேப்பமர நிழலில் பங்கிராஸின் மனைவி அருளம்மாள் பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். அது மூச்சிழுக்கும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

"லாரி டயர் ஒங்க கம்பிச் சக்கரத்துல ஏறாதுண்ணே," என்றான் அடைக்கலம். "ஜீப் டயரு அகலம், மட்கார்டுல ஒரசும்."

"இந்த ஒட்டுப் போட்டது?"

"கீரனூர் தாண்டாது. வெடிக்கும்."

"சாம்பல்ல கெடக்கே, அது?"

பங்கிராஸ் அதில் ஒன்றை உருவி உருட்டிப் பார்த்தான். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

"அது வேணாம்ணே. கம்மாய்க்குள்ள போன வண்டியோடது. ஒரு ஆளும் பொட்டப்புள்ளையும் உள்ளயே போயிட்டாங்க. அந்த மாதிரி டயரை நாங்க முழுசா விக்கிறதில்ல, அறுத்துச் செருப்புக்குத்தான் குடுப்போம். சீமை டயராச்சேன்னு எனக்குத்தான் அறுக்க மனசு வரல. ஈரம் காயட்டும்னு சாம்பல்ல பொதச்சேன், காயவேயில்ல."

வெளியே மூச்சுச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு கீச்சென்று மறுபடி கிளம்பியது.

"மாட்டுய்யா," என்றான் பங்கிராஸ். "என் புள்ள போகுதுய்யா. மாட்டு."

மாட்டி முடித்ததும் அடைக்கலம் எலுமிச்சம்பழம் இரண்டை முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தான். "இதுல ஏத்திட்டு எடுங்க. தண்ணி மட்டும் காட்டிராதீங்க."

பங்கிராஸ் ஆவூர்க் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன். மண்வெட்டி வாங்கினாலும் மாடு வாங்கினாலும் மந்திரித்த தண்ணீர் தெளிக்காமல் வீட்டுக்குள் விடாத குடும்பம். பழங்களைக் காலால் ஒதுக்கினான். பிள்ளையின் தொண்டையில் தடவ அருளம்மாள் வைத்திருந்த அந்தத் தண்ணீர்க் குப்பியைப் பிடுங்கி, சிலுவை போட்டு, இரண்டு டயர்களிலும் தெளித்தான்.

"ஐயையோ, என்னண்ணே பண்ணுறீங்க!"

ரப்பரில் விழுந்த தண்ணீர் வழியவில்லை. வறண்ட வயல் குடிப்பதுபோல டயர் அதைக் குடித்தது.

அருளம்மாளுக்கு உட்கார இடமில்லை. பிள்ளையைச் சீட்டோடு துண்டால் கட்டிவிட்டு, ஓடும் காரின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தாள்.

கானல் நெளிந்து தார் உருகிக் கிடந்த ரோட்டில், மழைநாளில் ஓடும் வண்டியைப்போல டயர்கள் சளசளவென்று சத்தமிட்டதைப் பங்கிராஸ் முதலில் தன் காதின் கோளாறு என்றுதான் நினைத்தான். பிறகு அனல்காற்றோடு பாசியும் சேறும் செத்த மீனும் கலந்த நாற்றம் வந்து மூக்கில் அப்பியபோது, கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வெள்ளை வெயிலில், ரோட்டின் நீளத்துக்கும், இரண்டு ஈரக்கோடுகள் அவனைத் தொடர்ந்து வந்தன.

கண்மாய்க் கரை வரும்போதெல்லாம் ஸ்டீரிங் அந்தப் பக்கம் இழுத்தது. காய்ந்த கண்மாய்தான். இருந்தும் இழுத்தது. இரண்டு கையாலும் மல்லுக்கட்டி ரோட்டுக்குக் கொண்டுவந்தான்.

கீரனூர் தாண்டியதும் மூச்சுச் சத்தம் நின்றது.

"ராணி? ராணிம்மா?"

"அப்பா." தெளிவான குரல். இரண்டு நாளாக வராத குரல்.

"என்னடா கண்ணு?"

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. இந்தப் புள்ளைக்கு எடம் பத்தலையாம்."

அவன் திரும்பவில்லை. இடது முழங்கையில் ஏதோ ஈரமாக உரசியது. கிளட்சில் வைத்த பாதம் கணுக்கால்வரை நனைந்திருந்தது. செபம் பாதியில் மறந்தது.

"எடுக்கறதுன்னா என்னைய எடுத்துக்க," என்றான். "இவள விட்ரு. நான் வாரேன். இவள விட்ரு."

சளசள. சளசள. திரும்பாதே. ரோட்டைப் பார். ரோட்டை மட்டும் பார்.

வெயில் இறங்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் போட்டான். ஊசியோடு ஓடிவந்த நர்ஸ் கார்க் கதவைத் திறந்தாள். திறந்தவள் தயங்கினாள்.

"தொண்டை அடைப்பு எந்தப் பிள்ளைக்குங்க?"

பங்கிராஸ் திரும்பினான்.

ஒரே சீட்டு. ஒரே துண்டு. அதற்குள் இரண்டு அருள்ராணிகள். அதே பூப்போட்ட கவுன். கன்னத்தில் அதே மச்சம். இரண்டு தலையும் நனைந்திருந்தது. இரண்டு கழுத்தும் வீங்கியிருந்தது. இரண்டும் அவனைப் பார்த்தன.

"ராணி," என்றான்.

"அப்பா," என்றன இரண்டும்.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றாள் நர்ஸ்.

நெற்றிச் சூட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். காய்ச்சல்காரப் பிள்ளைதானே தன் பிள்ளை. கையை நீட்டினான். நெற்றியைத் தொடுமுன் இரண்டும் ஆளுக்கொரு விரலை எட்டிப் பிடித்துக்கொண்டன.

பிடித்திருந்த இரண்டு கைகளும் சில்லென்று, வெகுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.