பன்னிரண்டு மணி ரத்தம்

கீரனூர் பஸ் செங்கமேட்டு ஆஸ்பத்திரி வாசலில் ஆத்மநாதனை இறக்கிவிட்டுப் போயிற்று. காலை ஒன்பது மணிதான். தை மாதத்து வெயில் அதற்குள் செம்மண் தரையில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. மூன்று வருடத்துக்கு முன் அவனே எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போன ஊர் இது. இப்போது கேட்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“வாங்க சார். மறுபடி இங்கிட்டே போட்டுட்டாகளா?” ஆயா பொன்னுத்தாய் சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தாள். ரத்தம் சோதிக்கும் அறையின் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“உள்ள வரலையா?”

“நீங்க போங்க சார். ஒங்களுக்குப் பின்னால வந்தவரு ரெண்டு மாசம்கூடத் தங்கல. குழாயக் கழுவிக் கவுத்து வச்சாலும், பன்னெண்டு மணிக்குப் பாத்தா அதுல ரத்தம் நிக்கிதும்பாரு. குடிகாரப் பயன்னு எல்லாரும் சிரிச்சாக.” அவள் சிரிக்கவில்லை.

ஸ்பிரிட் வாடை, அமில வாடை. மேசைமேல் அதே மரப்பெட்டி. அதற்குள் கோடு போட்ட கண்ணாடிக் குழாய், இருபுறமும் பழுப்புக் கண்ணாடிப் பட்டை. குழாயில் அமிலம் ஊற்றி, நோயாளியின் ரத்தத்தை அதில் விட்டு, பத்து நிமிடம் காத்திருந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் கலக்க வேண்டும். குழாயின் நிறம் பட்டையின் நிறத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் கோட்டைப் படித்தால், ரத்தத்தின் வலு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும்.

அலமாரியில் பழைய நோட்டுகள் வரிசையாக இருந்தன. மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டின் பக்கம் அவன் பார்வையைத் திருப்பவில்லை.

அந்த வருட மஞ்சுவிரட்டன்று காலை பதினோரு மணிக்குச் சோலையப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இருபத்துநாலு வயது. காளை வயிற்றில் முட்டியிருந்தது. கொம்பு ஏறவில்லை, தோலில் ஒரு கீறல்கூட இல்லை. மற்றவர்கள் குடல் சரிந்தும் தொடை கிழிந்தும் வந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் ரத்தினவேல் கையெல்லாம் ரத்தமாக நின்றபடியே சொன்னார்.

“இவனுக்கு மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுய்யா. ஒரு தடவை பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள ஒழுகுனாலும் மொதல்ல நல்லாத்தான் காட்டும். மணிக்கு மணி எறங்குதான்னு பாக்கணும். எறங்குச்சுன்னா ஓடி வந்து சொல்லு, திருச்சிக்கு அனுப்பிரலாம்.”

ஆத்மநாதன் அவன் விரலில் குத்தி, நுண்குழாயின் ரப்பர் முனையை வாயில் வைத்து ரத்தத்தை உறிஞ்சி ஏற்றியபோது சோலையப்பன் சிரித்தான்.

“கொசுகூட ஒரு தடவ குடிச்சுட்டுப் போயிருதுங்க. நீங்க மணிக்கு மணி வந்து குடிக்கப் போறீங்களாக்கும்?”

“ஆமாய்யா.”

“மறக்காம வந்துருங்க சார். நான் இங்கினேதான் கெடப்பேன்.”

பதின்மூன்று கிராம்.

பன்னிரண்டு மணிக்கு ஆத்மநாதனுடைய மச்சான் வீட்டுக் காளையை அவிழ்த்துவிடப் போகிறார்கள். திடல் கூப்பிடு தூரம்தான். அவன் நோட்டைத் திறந்தான். பன்னிரண்டு மணிக்கு நேராகப் பதின்மூன்று என்று எழுதினான். ஒரு மணிக்கு நேராகவும் பதின்மூன்று என்று எழுதினான். பிறகு போய்விட்டான்.

காளையை யாரும் அணைந்து பிடிக்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் அவன் திரும்பியபோது மணி இரண்டு. சோலையப்பனின் வயிறு கல் மாதிரி இறுகியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. கண் வாசல் பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டிருந்தது.

டாக்டர் நோட்டைப் பார்த்திருந்தார். இறங்கவில்லையே என்று அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

ஆண்கள் வார்டுக்குள் விடாததால் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த சோலையப்பனின் பெண்டாட்டி செவந்தி, ஆத்மநாதனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“மணிக்கு மணி பாத்தீங்கன்னு டாக்டரையா சொன்னாக. நீங்க நல்லா இருக்கணும் சார்.”

அந்தக் கும்பிடு இன்னும் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது அவன் வந்த மறுநாளே, வண்டி குடை சாய்ந்து நுகத்தடி வயிற்றில் இடித்த ஒருவனைக் கொண்டுவந்து போட்டார்கள். பெயர் கருப்பன். அதே வார்டு. ஜன்னலோரம் அதே கட்டில்.

“மணிக்கு ஒரு தடவை,” என்றார் ரத்தினவேல். அவர் முடி நரைத்திருந்தது. “உனக்குச் சொல்லணுமா என்ன?”

பதினோரு மணிக்குப் பதின்மூன்று கிராம் இருந்தது.

ஆத்மநாதன் அந்த எண்ணை மறுபடி ஒரு முறை படித்துப் பார்த்தான். இந்தத் தடவை அவன் ஆஸ்பத்திரியைவிட்டு அசையவில்லை. வாட்ச்மேன் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியபோதே கருப்பனின் கட்டிலருகே நின்றான். விரலில் குத்தினான். உறிஞ்சினான். ரத்தம் கோட்டைத் தாண்டவில்லை. ஆனாலும் நாக்கில் உப்புக் கரித்தது.

பின்னால் எங்கோ மாட்டு வியர்வை நாறிற்று.

அறைக்கு வந்து தண்ணீர் விட்டான். நாலைந்து சொட்டிலேயே நிறம் வெளிறிவிட்டது.

பத்து.

திரும்ப ஒரு முறை எடுத்தான். பத்துதான். கருப்பனோ கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பொன்னுத்தாயிடம் வெற்றிலைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தான். நாடி சீராக அடித்தது. வயிறு குழைவாக இருந்தது.

ஒரு மணி.

வார்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு அயர்ந்திருந்தார்கள். வெளியே காக்கை கரையும் சத்தம்கூட இல்லை. குனிந்து விரலைப் பிடித்தான். விரல் சில்லிட்டிருந்தது. நகக்கண்ணில் செம்மண் அப்பியிருந்தது, திடலில் புரண்டு எழுந்தவன் விரல் மாதிரி.

நிமிர்ந்து பார்த்தான். கருப்பன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

கட்டிலில் இருந்தது ஒருவன்தான்.

இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

எட்டு.

ஆத்மநாதன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இது கருப்பனுடைய ரத்தம்தானா? அந்தச் சந்தேகத்தை டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால் ஏன் சந்தேகம் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல, மூன்று வருடத்துக்கு முந்தைய பன்னிரண்டு மணியிலிருந்து தொடங்க வேண்டும். நோட்டை மட்டும் கொண்டுபோய் நீட்டினான்.

பதின்மூன்று. பத்து. எட்டு.

டாக்டர் கருப்பனின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். “ஆளைப் பாத்தா அப்படித் தெரியலையே. நிச்சயமாத்தானா?”

ஆத்மநாதன் தலையாட்டினான்.

“உன் கணக்கை நம்பி அனுப்புறேன்.” பண்ணையார் வீட்டுப் பிளஷர் காரை வரவழைத்து, அதில் படுக்கவைத்துக் கருப்பனைத் திருச்சிக்கு அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கருப்பன் நடந்தே வந்தான். சட்டையைத் தூக்கிக் காட்டினான். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை தழும்பு, தையல் தையலாக.

“பாரம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. மாட்ட வித்தாச்சு. போனாப் போவுது, உசுரு இருக்குல்ல.” சட்டென்று குனிந்து ஆத்மநாதனின் காலைத் தொட்டான். “மணிக்கு மணி பாத்தீங்க. நீங்க நல்லா இருக்கணும் சார்.”

அவன் படியிறங்கும்வரை ரத்தினவேல் காத்திருந்தார். பிறகு திருச்சியிலிருந்து வந்த கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

“வயித்தைத் திறந்து பாத்திருக்காங்க. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அப்புறமா சோதிச்சுப் பாத்தா பதின்மூணு கிராம். அவன்கிட்ட இதை யாரும் சொல்லலை.” நிமிர்ந்து பார்த்தார். “யாரு ரத்தத்தைய்யா நீ எடுத்தே?”

“சோலையப்பன்னு ஒருத்தன் செத்தான் சார்,” என்றான் ஆத்மநாதன். “மஞ்சுவிரட்டுல. பன்னெண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் நான் எடுக்கலை. எடுக்காமலே பதின்மூணுன்னு எழுதிட்டுக் காளை பாக்கப் போயிட்டேன்.”

டாக்டர் எழுந்தார். சோதனை அறைக்குள் போய், அலமாரியில் அந்த வருடத்து நோட்டை உருவி, தூசி தட்டிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“எடுத்திருக்கியே,” என்றார்.

ஆத்மநாதன் அருகில் போய்ப் பார்த்தான். அவன் கையெழுத்துதான், மை பழுத்திருந்தது.

பதினோரு மணி: பதின்மூன்று.

பன்னிரண்டு மணி: பத்து.

ஒரு மணி: எட்டு.

அதற்குக் கீழே, அவன் அன்றைக்கு எழுதியே இராத ஒரு வரி. அந்த மை மட்டும் ஈரமாகப் பளபளத்தது.

இரண்டு மணி:

எதிரே எண் இல்லை.

டாக்டர் நோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனார். அறைக்குள் மாட்டு வியர்வையின் நாற்றம் பரவிற்று. மேசைமேல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குழாய் நிமிர்ந்து நின்றது. அதன் அடியில் அமிலம் ஊற்றப்பட்டுத் தயாராக இருந்தது.

வெளியே வாட்ச்மேன் மணியடித்தான்.

ஒன்று.

இரண்டு.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் காலியாகத்தான் கிடந்தது. அங்கிருந்து யாரோ பொறுமையாகக் கனைத்தார்கள்.