வெள்ளிலையின் இரண்டு தாத்தாக்கள்

தி. நகர் பனகல் பூங்காவுக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது ரகுபதியின் துப்பறியும் நிலையம். பேர்தான் பெரிய பேர். வருகிற வேலையெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னால் நிச்சயமாகி நின்றதா, இரண்டு குடும்பத்துக்கும் முறை சரியா. பதினாறு வருஷமாக ஊரார் வம்சாவளியைக் கிளறிக் கிளறியே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த இடத்துக்கு 1999 மார்ச் மாதத்து வெயிலில், ஒரு குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு வந்தான் சுஹாஸ். மயிலாப்பூர்ப் பையன், கிண்டியில் கம்ப்யூட்டர் வேலை.

“காணாமப் போனது யாருங்க?” என்று கேட்டார் ரகுபதி.

“வெள்ளிலை.”

“வெத்தலையா?” என்றாள் டயானா. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண். ரகுபதிக்கு டைப்பிஸ்ட், உளவாளி, டீ வாங்குகிறவர் எல்லாம் அவள்தான்.

சுஹாஸ் சிரிக்கவில்லை. “கம்ப்யூட்டர்ல ஒரு கேம் சார். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். அமெரிக்காவுல ஒரு மெஷின்ல ஓடறது, நாம இங்கேர்ந்து போன் லைன்ல போவோம். எல்லாரும் எல்ஃப். காது கூர்ப்பா இருக்கும், காட்டுல வாழறவா. அதுல ரெண்டு கட்சி. வெள்ளி எல்ஃப், நிழல் எல்ஃப். நான் நிழல். அவ வெள்ளி. ரெண்டு வருஷமா தினம் சண்டை போட்டுண்டு இருந்தோம். அவ நிஜப் பேர்கூடத் தெரியாது.”

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. விளையாட்டின் பழங்கதையில் ஒரே ஒரு வரி: அரசன் தன் கஸினை மணந்தான், அன்றே நிழல் எல்ஃபுகள் வனத்தைத் துறந்தார்கள். ஏன் துறந்தார்கள் என்று வெள்ளைக்காரர்கள் ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னை ரசிகர்களுக்கோ முதல் கேள்வியே வேறு. கஸின் என்றால் யார்? மாமா பெண்ணா, சித்தப்பா பெண்ணா? மாமா பெண் என்றால் முறைப்பெண். பந்தி போட்டுச் சாப்பிட்டுவிட்டு வாழ்த்தியிருப்பார்களே! ஆக, சித்தப்பா பெண்தான், தங்கை முறை. அதனால்தான் வெளியேறினார்கள் என்று கண்டுபிடித்தவன் சுஹாஸ். அதிலிருந்து நிழல் கட்சிக்கு அவன்தான் ராஜா.

“ஜனவரிக் கடைசியோட பேச்சை நிறுத்திட்டா. அறுபது நாள் உள்ள வரலைன்னா கேம் நடத்தறவா அந்தப் பேரையே அழிச்சுடுவா சார். நாளன்னிக்குக் காலைல பத்தரைக்குக் கெடு. அப்புறம் அவளைத் தேட ஒரு வழியும் இல்ல. யாரோ மிரட்டியிருக்கா. எங்க கட்சியில வெங்கடரமணன்னு ஒருத்தன், வாய் ஜாஸ்தி. அவன்தான்னு நெனைக்கறேன். அவ இல்லாம எனக்குப் பொழுதே போகல சார்.”

ரகுபதி கட்டை வாங்கிக்கொண்டார். அவனும் அவளும் பேசிக்கொண்டது அத்தனையும், இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழில், பக்கம் பக்கமாக. “நாளைக்குச் சாயந்தரம் வாங்க” என்றார்.

மறுநாள் சாயந்தரம் சுஹாஸ் வந்தபோது, காகிதங்களில் மூன்று இடங்களில் பென்சில் கோடு போட்டிருந்தது. டயானா அவன் முகத்தைப் பார்க்காமல் டைப்ரைட்டருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“வெங்கடரமணன் இல்லீங்க. அவர் திட்டினார், அந்தப் பொண்ணு ரெண்டு மடங்கு திருப்பிக் குடுத்து சிரிச்சிருக்கு. திட்டுக்கு ஓடற ஆள் இல்ல அது” என்று ஆரம்பித்தார் ரகுபதி. “தினம் ஒண்ணரை மணிக்கு வரும். ரெண்டு மணிக்கு, ‘இரு, மாடிக்குப் போய் சாப்பிட்டு வரேன்’னு எழுதும். டிசம்பர் இருபதுலேர்ந்து ஒரு மாசம், வந்திருக்கு, பேசியிருக்கு, சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்திருக்கல. ஏன்?”

“டயட்டுன்னு நெனச்சேன்.”

“வெள்ளிக்கிழமை மதியத்துல ஒரு நாள்கூட வரல. சரி, இதைப் படிங்க. ‘என் ரெண்டு தாத்தாவுக்கும் ஒரே இனிஷியல், ஒரே மூக்கு.’ நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“ஜோக்குன்னு நெனச்சு, சிரிச்சேன்.”

“இனிஷியல்னா அப்பா பேரு. ஒரே இனிஷியல், ஒரே மூக்குன்னா ஒரே அப்பாவுக்குப் பொறந்த அண்ணன் தம்பி. அப்பாவோட அப்பாவும் அம்மாவோட அப்பாவும் கூடப்பொறந்தவங்க. கல்யாண விசாரணைக்காரன் கண்ணுல இது முதல்ல படும்.” ரகுபதி மூன்றாவது கோட்டைக் காட்டினார். “இதை வாய்விட்டுப் படிங்க.”

சுஹாஸ் படித்தான். “ச்சச்ச, பையன்னா என்ன? அதுல தப்பு இல்ல.”

“அதுல ச்சச்ச எங்க இருக்கு?”

“இதோ சார். சி, ஹெச், ஏ, சி, ஹெச், ஏ.”

“இங்கிலீஷ் எழுத்துல குறிலும் ஒண்ணுதான், நெடிலும் ஒண்ணுதான். ‘ச்சச்ச, பையன்னா என்ன’ன்னா அர்த்தமே இல்லையே. அது சாச்சா. சாச்சா பையன்னா என்ன, அதுல தப்பு இல்ல. அவங்க வீட்டுல சித்தப்பாவுக்குச் சாச்சான்னு பேரு.”

அந்த ஒரு மாச ரம்ஜான் நோன்பும் வெள்ளிக்கிழமையும் இனிஷியலும் ஒன்றன்பின் ஒன்றாக அவனுக்குப் புரிந்தன. “முஸ்லிம் பொண்ணா?” என்றான் மெதுவாக.

“அவங்கள்ல சித்தப்பா புள்ளைய, பெரியப்பா புள்ளைய கட்டிக்கறது உண்டு. நமக்கு மாமன் புள்ள எப்படியோ அப்படி. இந்தப் பொண்ணோட அப்பா அம்மா அப்படிக் கட்டிக்கிட்டவங்கதான்.” ரகுபதி கடைசித் தாளை எடுத்தார். “இது ஜனவரிக் கடைசியில நீங்க எழுதினது. ‘சித்தப்பா பெண்ணைக் கட்டறவன் மனுஷனே இல்ல. அதுகளுக்குப் பொறக்கறதும் மிருகம்தான்.’ அந்தப் பொண்ணு ரெண்டே வார்த்தை கேட்டிருக்கு. ‘நிஜமாவா? எல்லாருமா?’”

சுஹாஸுக்குத் தன் பதில் ஞாபகம் இருந்தது. எல்லாரும்தான், விதிவிலக்கே இல்லை என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான். அதற்கப்புறம் அவள் எழுதவில்லை.

“விரட்டினது யாருன்னு கேட்டீங்க” என்று ரகுபதி காகிதங்களை அடுக்கி அவன் பக்கம் தள்ளினார்.

“நான் கதையைப் பத்தின்னா பேசினேன் சார்?”

“உங்க அப்பா அம்மா உறவுல கல்யாணமா?”

“அம்மாவுக்கு அப்பா அத்தை பிள்ளை.”

“வெள்ளைக்காரனைக் கேட்டா அதுவும் கஸின்தாம்பான்.”

சுஹாஸ் டயானாவைப் பார்த்து, “அவளைப் பாத்தேளா?” என்றான்.

“ராயப்பேட்டைல பாத்தேன். வெள்ளிக்கெயம மதியம் இன்டர்நெட் கடைய மூடறது எங்கன்னு விசாரிச்சுக்கினே போனேன். அவுங்க அண்ணன் கடை. மேல வூடு. பேரு வஜீஹா. பேர மட்டும் உன்கிட்ட சொல்லலாம், வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னாங்க. வீட்டு நம்பர் கேக்காத, குடுக்க மாட்டேன்.”

“கோபமா இருக்காளா?”

“இல்லப்பா. கோவம்னா நாலு வார்த்த திட்டியிருப்பாங்க இல்ல? டீ போட்டுக் குடுத்தாங்க. அப்பாரு பக்கத்துல குந்திக்கினு பேப்பர் படிச்சுக்கினு இருந்தாரு. அவர பாத்துக்கினே சொன்னாங்க, இனிமே அந்தாண்ட வர மாட்டேன்னு.”

“தெரியாமத்தானே சொன்னேன்? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா?” அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“சொல்லியிருக்க மாட்டீங்க” என்றார் ரகுபதி. அவர் குரலில் கடுமை இல்லை. “ஆனா நெனச்சிருப்பீங்க.”

சுஹாஸ் காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே லஸ் முனைக்குப் பக்கத்து இன்டர்நெட் கடையில் போய் உட்கார்ந்தான். வெள்ளிலைக்கு மன்னிப்பு எழுதத் தொடங்கினான். நீ இன்னார் என்று தெரியாது என்று அடித்தான், அழித்தான். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது என்று அடித்தான். ‘உங்கள்’ என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு அதையும் அழித்தான். நல்லது சொல்லப் போய் ஒவ்வொரு வரியும் அதே அசிங்கத்தை வேறு சட்டை மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தியது. பாவி மகன், எழுதவும் தெரியாமல், எழுந்து போகவும் முடியாமல் பத்தரை வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பத்தரைக்கு விளையாடுகிறவர்கள் பட்டியலில் அந்தப் பேர் இல்லை. அவ்வளவுதான், ஒரு சத்தம்கூடக் கிடையாது.

பத்து நிமிஷத்தில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதல் கடிதம் வெங்கடரமணனுடையது. ‘மச்சி, வெள்ளிப் பக்கம் பேச ஆள் காலி. உன் சித்தப்பா பொண்ணு பாயிண்ட்டுக்கு அவகிட்ட பதிலே இல்ல. ஜெயிச்சுட்டோம்.’ அதன் பின்னால் இருபத்திரண்டு பேரின் வாழ்த்து. அவனுடைய வாதத்தை, அவன் எழுதிய அதே வார்த்தைகளில், அவன் பேரையே போட்டு விளையாட்டின் வரலாற்றுப் பக்கத்தில் ஏற்றியாகிவிட்டதாம்.

அதை எடுத்துவிடுங்கள் என்று நடத்துகிறவர்களுக்கு உடனே எழுதினான். காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டான். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் கேட்டிருந்தாளே. சாயந்தரம் அமெரிக்காவிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. ஏறிய வரலாற்றை மாற்ற இரண்டு கட்சியிலிருந்தும் ஆளுக்கொருவர் கேட்க வேண்டும், நிழல் எல்ஃபுகளின் சார்பில் உங்கள் கோரிக்கை கிடைத்தது, வெள்ளி எல்ஃபுகளின் சார்பில் வெள்ளிலை எழுதட்டும் என்றிருந்தது.