இன்வால்டன் ஓடப்போர்

ஆடிப்பெருக்கில் பொன்னி நதி நுங்கும் நுரையுமாகப் பாய்வதைக் கண்டு களித்த வாசகர்களை, இன்று கடல்கள் பலவற்றுக்கு அப்பால், பவேரிய நாட்டின் நதிக்கரை நகரம் ஒன்றுக்கு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அந்தி வேளைக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கேயும் அது ஆடி மாதந்தான். தெற்கே வானளாவி நின்ற பனிமலைச் சிகரங்கள் மறையும் கதிரவனின் செவ்வொளியில் பொற்கலசங்களாக ஒளிர்ந்தன. அம்மலைகளில் பிறந்து, மரகதத்தைக் கரைத்துவிட்டாற்போன்ற பசிய நிறத்துடன் ஓடிவந்த இன் என்னும் நதி, இன்வால்டன் நகரை மூன்று பக்கமும் வளைத்துத் தழுவிவிட்டு, விடைபெற மனமில்லாததுபோல் மெல்லத் திரும்பி வடக்கே சென்றது.

அந்த நகருக்கு இரண்டு தேவாலயங்கள் இருந்தன. வணிகர்கள் கட்டிய சந்தியாகப்பர் ஆலயம் மேட்டின் மீது ஈட்டிபோல் கூர்ந்த கோபுரத்துடன் நின்றது. ஓடக்காரர்கள் தங்கள் கையாலேயே செங்கல் சுமந்து எழுப்பிய நிக்கோலாசு ஆலயமோ, வெள்ளம் வந்தால் முதற்படி நனையும்படி நீரோரத்தில் குந்தியிருந்தது. சக்கரவர்த்தியைத் தவிர வேறெவருக்கும் பணியத் தேவையில்லை என்று சாசனம் பெற்ற நகரம் அது. நதி தழுவாத நான்காம் பக்கம் செங்குத்துப் பாறை. நகருக்குள் நுழைய ஒரே ஒரு பாலம். பாலத்தின் தலைப்பில் ஒரே ஒரு கதவு.

அந்தப் பாலத்தின் மீதுதான் ஹார்ட்விக் கோமானுக்குக் கண். நாற்பது நாட்களாக அவருடைய பாசறை எதிர்க்கரையில் பரந்து கிடந்தது. பருந்து பொறித்த கருங்கொடிகள் அந்திக் காற்றில் படபடத்தன.

இவ்வேளையில், நாணற் புதர்களின் ஓரமாக ஒரு தட்டையான படகைச் சத்தமின்றிச் செலுத்தி வந்தாள் அப்ரா. வயது இருபத்து நான்கு. துடுப்புப் பிடித்து உரமேறிய தோள்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லும் கூரிய கண்கள். உணவு குறைந்துவிட்ட நகருக்காக விலாங்கு மீன் கூடைகளை எடுக்க வந்திருந்தாள். மூன்றாவது கூடையைத் தூக்கியபோது நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மணி, என்னையும் அக்கரை சேர்ப்பீர்களா?"

அப்ராவின் கை இடுப்புக் கத்திக்குப் போயிற்று. நாணலை விலக்கி நின்றவன் நெடிய இளைஞன். சந்தியாகப்பர் தலத்துக்கு நடக்கும் யாத்ரீகர்களைப்போல் அகன்ற தொப்பியும், அதில் தைத்த சிப்பியும், கணுக்கால்வரை மேலங்கியும் அணிந்திருந்தான். மூக்குக்குக் கீழே முகத்தைத் துணி மறைத்திருந்தது.

"கோமானின் பாசறையைத் தாண்டி வந்த யாத்ரீகரை நான் இதுவரை கண்டதில்லை" என்றாள் அப்ரா.

"தாண்டி வந்ததால்தான் ஒரு செய்தியும் அறிந்தேன். நாளை மறுநாள் சந்தியாகப்பர் திருநாள். அன்று நடக்கும் ஓடப்போரைக் கொண்டே இந்த முற்றுகையை முடித்துக்கொள்வதாக உங்கள் நகரத்தலைவரும் கோமானும் ஆணையிட்டிருக்கிறார்களாம். கோமானுக்காக அவருடைய மாவீரர் ரூடிகர் நிற்கிறார். உங்கள் பக்கம் நிற்க ஆளில்லையாம்."

அவன் சொன்னது உண்மை. படகுகள் இரண்டை எதிரெதிரே செலுத்தி, பின்மேடையில் நிற்கும் வீரர்கள் தோல்பந்து கட்டிய நீண்ட கழிகளால் ஒருவரையொருவர் ஆற்றில் தள்ளும் அந்த விளையாட்டு, இன்வால்டன் திருவிழாவின் உயிர். கோமானின் படையும் களைத்திருந்தது. ஊரில் அவர்களுடைய வயல்கள் அறுவடைக்குக் காத்திருந்தன. ஆகவே, "என் குலத்தின் படகு வென்றால் கதவு திறக்கட்டும், தோற்றால் என் சேனை திரும்பட்டும்" என்று புனிதர் ஒருவரின் எலும்பு அடங்கிய திருப்பண்டத்தின் மீது கைவைத்து அவர் ஆணையிட்டார். பட்டினியில் இருந்த நகரமும் ஒப்புக்கொண்டது. ஆனால் நகரத்தின் வீரனான அப்ராவின் அண்ணன் கால்லுஸின் தோளில் மறுநாளே மதிலோரம் ஓர் அம்பு பாய்ந்துவிட்டது.

"நான் நிற்கிறேன்" என்றான் யாத்ரீகன்.

அப்ரா சிரித்தாள். "ஏறுங்கள். உட்காரக் கூடாது. பின்மேடையில் நின்றுகொண்டே வாருங்கள்."

நடு ஆற்றில், நீரோட்டம் மிகக் கடுமையான இடத்தில், அவள் முன்னறிவிப்பின்றிப் படகைக் குறுக்கே திருப்பினாள். படகு குதிரைபோல் துள்ளியது. கூடையிலிருந்த விலாங்குகள் தெறித்து விழுந்தன. யாத்ரீகனோ முழங்கால்களை மட்டும் மடித்து நிமிர்ந்து, நட்ட கம்பம்போல் நின்றான்.

"பெயர் என்ன?"

"திருநாள் முடியும்வரை அதைக் கேளாதிருக்க வேண்டுகிறேன், அம்மணி."

நகரத்தலைவர் எங்கல்பர்ட் முதலில் ஒப்பவில்லை. நரைத்த தாடியைத் தடவியபடியே, "முகம் காட்டாதவன் கையில் நகரத்தைக் கொடுப்பதா?" என்று கேட்டார்.

"சுக்கான் என் கையில்தானே இருக்கப்போகிறது, ஐயா?" என்றாள் அப்ரா. "அவருக்கு நான் பொறுப்பு."

திருநாளும் வந்தது. காலையில் சந்தியாகப்பரின் திருவுருவத்தை மேட்டிலிருந்து தோளில் சுமந்து இறக்கி வந்து, நிக்கோலாசு ஆலயத்து வாசலில் நிறுத்தினார்கள். நாற்பது நாள் பசியையும் மறந்து எலுமிச்சை வண்ணப் பூக்கள் சொரியும் லிண்டன் மரக்கிளைகளால் வீடுகளின் வாசல்களை அலங்கரித்திருந்தார்கள் பெண்கள். முழவும் குழலும் முழங்கின. மாலையில் இரு கரைகளும் மனிதத் தலைகளால் நிறைந்தன: இக்கரையில் நகரத்தார், அக்கரையில் கோமானின் வீரர்கள். பாலத்தின் நடுவே, இருதரப்புக்கும் பொதுவாக இட்ட ஆசனங்களில் எங்கல்பர்ட்டும் ஹார்ட்விக் கோமானும் அமர்ந்திருந்தனர்.

மூன்று மோதல்கள், இரண்டில் வென்றவருக்கே வெற்றி.

முதல் மோதலில் ரூடிகர் மலைபோல் வந்தார். செம்பட்டைத் தாடி, கோபுரத் தூண் போன்ற கால்கள். இரு படகுகளும் நெருங்கின, கழிகள் நீண்டன, ஒரு கணம் இரண்டும் வில்லாய் வளைந்தன. மறுகணம் யாத்ரீகன் தலைகீழாக நீருக்குள் போனான். அக்கரையில் எழுந்த ஆரவாரம் பனிமலைவரை சென்று எதிரொலித்தது.

அப்ரா கொக்கிக் கழியை நீட்டி அவனை இழுத்தாள். தொப்பி போயிற்று, சட்டை கழுத்தருகே கிழிந்தது. முகத்துணியை மட்டும் அவன் பற்றிக்கொண்டிருந்தான். கிழிந்த சட்டைக்குள்ளே, ஒரு கயிற்றில் கோத்த மோதிரம் மின்னியது. அதில் சிறகு விரித்த பருந்து!

அப்ராவின் உடல் முழுவதும் பனிநீர் பாய்ந்தாற்போலாயிற்று. தன் அண்ணனின் தோளைத் துளைத்த அம்பின் இறகுத்தண்டிலும் அதே பருந்து இருந்ததை அவள் கண்டிருந்தாள். இவனுக்காகவா பொறுப்பேற்றோம்? வேண்டுமென்றே விழுந்தானா? கொக்கியைச் சற்றே திருப்பினால் போதும். நதி மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

"யார் நீ?" என்றாள் தாழ்ந்த குரலில். தண்டு வலித்த நால்வருக்கும் கேட்கவில்லை.

"லோதார். ஹார்ட்விக் கோமானின் மகன்" என்றான் அவன், மூச்சிரைக்க. "உங்கள் நகரோடு சமாதானப் பிரமாணம் செய்தவர் என் தந்தை. அந்தப் பிரமாணத்தை மீறிப் படை நடத்தச் சொன்னார், மறுத்தேன். வசந்த காலத்தில் என்னைக் குலத்திலிருந்தே விலக்கி, முத்திரையிட்ட ஓலையை நதிக்கரை நகரங்களின் பேராலயக் கதவுகளில் எல்லாம் அறைவித்தார். இந்த மோதிரம் இறந்துபோன என் அன்னையுடையது, அதனால்தான் எறியவில்லை. நம்புவதும் நம்பாததும் தங்கள் விருப்பம், அம்மணி. கொக்கி தங்கள் கையில் இருக்கிறது."

அப்ரா அவன் கண்களைப் பார்த்தாள். பொய்யர்கள் பலரை அக்கரை சேர்த்த ஓடக்காரி அவள். பேச்சில் மயங்குகிறவள் அல்லள். இவன் வேண்டுமென்றே விழுந்தவனானால் தன் பெயரை இப்போது சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

"மேலே ஏறுங்கள்" என்றாள். "இம்முறை நான் சொல்லும்வரை கழியை நீட்டக் கூடாது. அவர் பலத்தோடு மோதாதீர்கள். பலம் தீர்ந்தபின் தொடுங்கள்."

இரண்டாம் மோதலில் படகுகள் உரசும் நொடியில் அப்ரா சுக்கானை ஒரு சாண் திருப்பினாள். ரூடிகரின் கழி காற்றைக் குத்தியது. முன்னே சாய்ந்த அந்த மலையை லோதாரின் கழி முதுகுப்புறமாக மெல்லத் தொட்டது. அவ்வளவுதான்! ரூடிகர் விழுந்தபோது எழுந்த நீர்த்திவலை பாலத்தின் மீதிருந்தவர்களையும் நனைத்தது. இன்வால்டன் மக்கள் நாற்பது நாட்களுக்குப் பின் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மூன்றாம் மோதலுக்கு எக்காளம் முழங்கியது. கோமானின் படகு பாய்ந்து வந்தது. அப்ராவோ பாலத்தின் மூன்றாம் தூண் அருகே படகை நிறுத்தியே வைத்திருந்தாள்.

"அம்மணி, தண்டு வலிக்க வேண்டாமா?" என்று பதறினான் முன்னால் இருந்த மீனவன்.

"பொறு!"

வாசகர்களே, பனிமலையில் பகல் வெயிலுக்கு உருகும் நீர் அந்த நகரை வந்தடைய மாலையாகிவிடும். எதிர்க்கரையில் நாற்பது நாள் தங்கிய சேனாதிபதிகளில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த நதியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கோ அது மூச்சுவிடுவதைப்போல் இயல்பான செய்தி. பசிய நீரில் வெளிறிய கோடொன்று தெற்கேயிருந்து நகர்ந்து வருவதை அவள் கண்டாள். தூணின் காலடியில் நுரை ஒரு விரற்கடை உயர்ந்தது.

"இப்போது! வலியுங்கள்!"

புதுவெள்ளம் படகைப் பின்னாலிருந்து அள்ளித் தூக்கியது. எதிரே வந்த படகோ அதே வெள்ளத்தை முகத்தில் வாங்கித் தடுமாறிப் பக்கவாட்டில் திரும்பியது. ரூடிகர் காலூன்றிச் சமாளித்தார். உண்மையான வீரர், ஒப்புக்கொள்ள வேண்டும். கழிகள் மோதின. லோதாரின் கழி முறிந்தது! ஆனால் முறிந்த துண்டையே இரு கைகளாலும் பற்றி, வெள்ளத்தின் வேகத்தையெல்லாம் தோளில் வாங்கி, அவன் ரூடிகரின் மார்புக் கவசத்தில் அழுத்தினான். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பின்பு ரூடிகரின் பாதங்கள் ஈரப் பலகையில் வழுக்கின. அவர் நதிக்குள் விழ, லோதார் ஒற்றை முழங்காலில் சாய்ந்தாலும் மேடையை விட்டு அகலவில்லை.

வெற்றி! கரை முழுவதும் தொப்பிகள் வானில் பறந்தன. வெற்றியாளர்களைத் தூக்கிப் பாலத்தின் மீது கொண்டுவந்தார்கள். அந்த நெரிசலில் லோதாரின் முகத்துணி அவிழ்ந்து விழுந்தது.

ஹார்ட்விக் கோமான் ஆசனத்தை விட்டு எழுந்தார். முகம் முதலில் வெளுத்தது. பின்பு அதில் ஒரு புன்னகை படர்ந்தது.

"கேளுங்கள், நகரத்தாரே!" என்று கர்ஜித்தார். "நின்று வென்றவன் என் மகன் லோதார்! ஆகவே இன்று வென்றது என் குலம். ஆணைப்படி கதவைத் திறந்துவிடுங்கள்!"

ஆரவாரம் அப்படியே உறைந்தது. பின்பு கூட்டத்திலிருந்து, "துரோகி! ஏமாற்றிவிட்டான்!" என்று ஒரு குரல்; தொடர்ந்து நூறு குரல்கள். எங்கல்பர்ட் அப்ராவைச் சுட்டினார். "பெண்ணே, நீ பொறுப்பேற்றாயே!"

"இப்போதும் ஏற்கிறேன், ஐயா" என்றாள் அப்ரா. கோமானின் முன் வந்து தலைவணங்கினாள். "பிரபு, ஓர் ஐயம். இவர் தங்கள் குலத்தவர்தாமா?"

"அதிலென்ன ஐயம், ஓடக்காரி? என் இரத்தம்!"

"அப்படியானால் சந்தியாகப்பர் ஆலயக் கதவில் தங்கள் முத்திரையோடு வேறுவிதமாக அறைந்திருக்கிறதாமே? எங்கள் நகரத்தலைவர் அதைக் கொண்டுவந்து எல்லோரும் கேட்கப் படிக்கட்டும்."

எங்கல்பர்ட்டின் கண்கள் விரிந்தன. முதியவர் ஓடிய ஓட்டத்தை அன்று கண்டவர்கள் பல்லாண்டு பேசிச் சிரித்தார்கள். ஆணியோடு பிய்த்துவந்த ஓலையை அவர் உரக்கப் படித்தார்: "ஹார்ட்விக் ஆகிய யாம் அறிவிப்பது யாதெனில், லோதார் என்பவன் இன்று முதல் எமக்கு மகன் அல்லன், எம் குலத்தவன் அல்லன், அவன் தோல்வியும் வெற்றியும் எம்மைச் சாரா."

கடைசிச் சொற்களைக் கூட்டமே திரும்பச் சொல்லி முழங்கியது.

கோமானின் வலக்கை வாளின் பிடிக்குப் போயிற்று. அப்போது நீர் சொட்டச் சொட்டப் பாலத்தின் மீது ஏறிவந்த ரூடிகர் அவர் முன் மண்டியிட்டார்.

"பிரபு, நான் நேர்மையாகத் தோற்றேன். தாங்கள் திருப்பண்டத்தின் மீது ஆணையிட்டதை இந்தச் சேனை முழுவதும் கேட்டது. அந்த ஆணை மீறப்படுமானால், தங்கள் கொடியின்கீழ் நான் இனி நில்லேன்."

அவர் தம் வாளை உருவித் தரையில் வைத்தார். அக்கரையில் வரிசை வரிசையாக ஈட்டிகள் தாழ்ந்தன. வீட்டு நினைவும் வயல் நினைவும் அவ்வீரர்களை எப்போதோ வென்றிருந்தன. கோமான் நெடுநேரம் தம் மகனைப் பார்த்தபடி நின்றார். பிறகு வாளின் பிடியை விட்டுத் திரும்பி நடந்தார். கருங்கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

மேட்டிலிருந்து சந்தியாகப்பர் ஆலயத்துப் பெருமணி முழங்க, நீரோரத்து நிக்கோலாசு ஆலயத்துச் சிறுமணி அதனோடு சேர்ந்துகொண்டது. பெண்கள் லிண்டன் கிளைகளை நதியில் வீசினர். கால்லுஸ் கட்டுப்போட்ட தோளையும் மறந்து கூத்தாடினான். எங்கல்பர்ட், வென்ற வீரனிடம் காவலை ஒப்படைப்பதற்காகப் பாலக் கதவின் சாவியையும், ஓடப்போரில் வென்றவர்களின் பெயரேட்டையும் கொண்டுவந்தார்.

"வீரரே, என்ன பெயர் எழுதட்டும்?"

"லோதார் என்று மட்டும் எழுதுங்கள், ஐயா. குலப்பெயர் எனக்கு இல்லை" என்றான் அவன். சாவியை வாங்கி, மண்டியிட்டு, நகர மக்கள் அனைவரும் கேட்கும்படி உரைத்தான்: "இந்த நதி சாட்சியாக ஆணையிடுகிறேன். என் உடலில் உயிருள்ளவரை இந்தக் கதவைப் பகைவன் எவனும் திறக்க விடேன். என் தந்தையே மீண்டும் வந்தாலும், அவருக்கும் எனக்கும் நடுவே இந்தச் சாவி இருக்கும்."

அவன் குரல் 'தந்தை' என்ற இடத்தில் சற்றே உடைந்ததை அருகில் நின்ற அப்ரா ஒருத்தி மட்டுமே அறிந்தாள்.

அவன் எழுந்து அவள் பக்கம் திரும்பினான். "அம்மணி, ஆண்டுதோறும் ஓடப்போரில் இந்நகரத்தின் படகில் நிற்க விரும்புகிறேன். தாங்கள் சுக்கான் பிடிப்பதானால்."

"முதலில் நன்றாக நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றாள் அப்ரா, கன்னங்கள் சிவக்க. "முதல் மோதலில் பாதி நதியைக் குடித்துவிட்டீர்கள்."

பின்பு சிரிப்பு மறைந்து, தன் உரமேறிய கையை அவன் கையிலிருந்த சாவியின் மேல் வைத்தாள்.

"நானும் ஆணையிடுகிறேன், லோதார். தாங்கள் நிற்கும் படகின் சுக்கானை வேறெவர் கையிலும் கொடேன்."