ஊசி போடாத எலி

இரும்புச்சத்து ஊசி போடாத எலியின் ஈரலும் நீலமாகத்தான் தெரிந்தது. காமாக்ஷி கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியிலிருந்து எடுத்துத் துடைத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அதே நீலம். இரும்பு இருந்தால் மட்டுமே சில்லில் இட்ட சாயம் நீலமாகும்.

"மாயம்மா, கூடு ஏதாவது மாத்தி வெச்சியோ?"

"இல்லம்மா, நா தொடவே இல்ல." எலிகளைப் பராமரிக்கும் மாயம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "காலைலருந்து எல்லாம் ஒரே மூலையில ஒடுங்கிக் கெடக்கு. தீனி எடுக்கல. எதையோ பாத்துக்கிட்டே இருக்கு."

"சரி, போய் ஒரு சாயா வாங்கிண்டு வா. இன்னொரு தரம் பாக்கறேன்."

எண்பத்தொன்றாம் வருஷத்துக் கர்க்கடக மாசத்து மழையில் மட்டாஞ்சேரி சாயங்காலத்துக்கு முன்பே இருட்டியிருந்தது. மிளகுக் கிட்டங்கியை ஆய்வுக்கூடமாக்கியிருந்ததால் ஈரச் சுவர்களில் இன்னும் காரநெடி கசியும். இன்று அதையும் மீறி, மழையில் ஊறிய பழைய ஆணியின் வாடை. அம்மிணியின் வியர்வையில் வரும் வாடை.

அம்மிணி காமாக்ஷியின் மகள். ரத்தம் ஊறாத உடம்பு. மாதாமாதம் ஏற்றும் ரத்தத்தின் இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படிந்து, குழந்தை கறுத்துக்கொண்டே வந்தது. அந்த இரும்பை வெளியே இழுக்கும் மருந்தைத்தான் காமாக்ஷி இந்த எலிகளிடம் தேடிக்கொண்டிருந்தாள். இன்றும் குழந்தை எறணாகுளத்து ஆஸ்பத்திரியில், ரத்தம் ஏறும் கட்டிலில், அப்பாவோடு.

மாயம்மாளின் செருப்புச் சத்தம் மழைக்குள் மறைந்தது.

அப்போதுதான் கேட்டது. ஈரக்கால் தரையில் ஒட்டி எடுபடும் சத்தம். கூடுகளின் பக்கத்திலிருந்து.

"யாரது?"

யாருமில்லை. எலிகள் அசையவில்லை. எல்லாக் கண்களும் நடுத்தரையில்.

பதறி எழுந்தவளின் முழங்கை பட்டுச் சாயக் குடுவை கவிழ்ந்தது. வெளிறிய திரவம் வெள்ளைத் தரையில் பரவியது. பரவிய இடத்தில் நீலம். ஒரு குதிகால். ஐந்து விரல்கள். சின்னக் கால். அடுத்தது. அதற்கடுத்தது. அவளை நோக்கி.

இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

"கொழந்தே... நீ ஆஸ்பத்திரியிலன்னா இருக்கே?"

பக்கத்து அறையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அவளால் நகர முடியவில்லை.

திரவம் அவள் கால்வரை வந்து நின்றது. அங்கே தடம் எதுவும் இல்லை. வெறும் வெள்ளை. பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் பாதங்களுக்கு நேரெதிரே நீலம் ஏறியது. ஒவ்வொரு விரலாக. குதிகால் இல்லை. விரல்கள் மட்டும்.

அம்மாவின் முகத்தைத் தொட எம்பி நிற்கும் விரல்கள்.