அம்யோதமி என்று எழுதிய கட்டம்

அன்று கோர்ட் கூடத்தில் இருந்தவர்கள்: மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்ட நீதிபதி, கிளார்க் ஊ டின் வின், கோழி திருடியதாகப் பிடிபட்ட இருவர், கொட்டாவி விட்ட ஒரு போலீஸ்காரர், அப்பாவின் பழைய பத்திரத்துக்கு நகல் வாங்க வந்த ஹன்னா, அப்புறம் அவன்.

ஜூலை மழை. ரங்கூனில் அந்த மாதம் எந்தக் கூரைதான் ஒழுகவில்லை... ஒரு சொட்டு ஹன்னாவின் மடியிலிருந்த பத்திரத்தில் விழுந்தது.

"தள்ளி உக்காருங்க. அடுத்தது உங்க தலையிலதான்."

தமிழ். அவள் நிமிர்ந்தாள். எதிர் பெஞ்சில் விலங்கு மாட்டிய கைகளோடு அவன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையிலேருந்து அதைத்தான் பாக்குறேன். வேற வேலை குடுக்கல."

முகத்தில் சிரிப்பே இல்லை. கண்களில் மட்டும் இருந்தது. தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள்... அவள் தள்ளி உட்கார்ந்தாள். சொட்டு சரியாக அவள் இருந்த இடத்தில் விழுந்தது.

அவனைக் கூப்பிட்டார்கள். பெயர் தனசேகரன். மோல்மீனிலிருந்து வந்து அலோன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கூட்டாளி வீட்டில் இரவு தங்கினான். விருந்தாளி வந்திருப்பதை வார்டு ஆபீசில் எழுதிக் கொடுக்கவில்லை. அதுதான் குற்றம். விசாரணைக்கு இரண்டு வாரம். பணம் கட்ட வேண்டாம், உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும், வெளியே இருக்கலாம் என்றார் நீதிபதி.

"உனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லீங்க. கூட்டாளியும் ஓடிட்டான்."

அதை அவன் சொன்ன விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. பரிதாபமாகச் சொல்லியிருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பாள். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். ஹன்னா எழுந்து நின்றாள்.

கிளார்க் படிவத்தை நீட்டினார். கட்டங்களின் தலைப்புகள் மங்கிப்போன படிவம். ஹன்னாவின் அப்பாவும் கிளார்க்காக இருந்தவர். பெயர், தகப்பன் பெயர், அடுத்தது ஆணா பெண்ணா... இந்த வரிசை சின்ன வயதிலிருந்தே கைக்குப் பழக்கம். மூன்றாவது கட்டத்தில் 'அம்யோதமி' என்று எழுதினாள். பெண் என்பதற்குப் பர்மிய மொழியில் மரியாதையான சொல்.

மனைவி என்பதற்கும் அதே சொல்தான்.

அந்த மூன்றாவது கட்டமோ உறவு முறை எழுதும் கட்டம். ஊ டின் வின் படித்தார், அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான். "பயமா இல்லையா? நான் ஓடிட்டா?"

"ஓடுவீங்களா?"

"இந்த மழையிலயா..."

அவள் குடையைப் பாதி நீட்டினாள். பஸ் நிறுத்தம் வரை ஒரே குடையில் நடந்தார்கள். அவனுடைய இடது தோள் முழுக்க நனைந்தது. அவள் வீட்டுப் பக்கம் போகும் க்யிம்யிண்டைங் பஸ் வந்தபோது, இன்னொன்று வரட்டும் என்று அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஏறிவிட்டாள்.

பணமில்லா ஜாமீனில் போகிறவர்களை ஊருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. யார் போனார், யார் கையெழுத்துப் போட்டார், என்ன உறவு. கோர்ட் சுவரிலும் இருவருடைய வார்டு ஆபீஸ் பலகையிலும் பட்டியல் ஒட்டினார்கள்.

மறுநாள் அப்பா ஏசுரத்தினம் சந்தையிலிருந்து வெறும் பையோடு திரும்பினார்.

"மாப்பிள்ளை சுகமான்னு கேக்குறாங்கம்மா. மூணு பேரு."

அவள் விளக்கினாள். கடைசி வரை கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போயித் திருத்திட்டு வா ஹன்னா. அது வரைக்கும் நான் கோயிலுக்குப் போக முடியாது."

திருத்தினால் ஜாமீன் செல்லாது. அவன் மறுபடி உள்ளே போவான். நாளைக்குப் போகிறேன் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். வார்டு ஆபீஸ் வழியாகப் போகும்போதெல்லாம் நடை தானாகக் குறைந்தது. தனசேகரன், ஹன்னா, அம்யோதமி... வெட்கங்கெட்ட மனது. எத்தனை தடவை படிப்பது.

மூன்றாம் நாள் மாலை அவன் வீட்டுக்கே வந்தான். அவள் டைப்பிங் வேலையிலிருந்து திரும்பவில்லை. அப்பாதான் வாசலில் இருந்தார். என்ன பேசினார்கள் என்று அப்பா முழுதும் சொல்லவில்லை. "தப்பு என் பேர்லதாங்கன்னான். நாளைக் காலையில கோர்ட்டுக்குப் போறானாம்" என்றார். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் ஹன்னா கோர்ட்டுக்கு ஓடினாள். பிந்திவிட்டாள். சுவர்ப் பட்டியலில் இருவர் பெயரும் இருந்த வரியை ஊ டின் வின் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார். நடைவழியில் போலீஸ்காரர் அவனை லாக்கப்புக்கு நடத்திக்கொண்டிருந்தார்.

"கோ தனா." பர்மிய வழக்கப்படி மரியாதை சேர்த்துக் கூப்பிட்டாள்.

நின்றான்.

"யாரு உங்களைத் திருத்தச் சொன்னது?"

"உங்க அப்பா அழுதாரு."

"நான் அழுதேனா?"

போலீஸ்காரரிடமிருந்து ஒரு அடி விலகி அவள் பக்கம் திரும்பினான்.

"அலோன் பலகையில தினம் நின்னு படிச்சேன், மா ஹன்னா" என்றான். "நிசமா இருந்தா எப்படி இருக்கும்னு. பொய்யி அங்க ஒட்டியிருக்கிற வரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேக்க முடியாது. கேட்டா, கையெழுத்துக்குக் கூலி கேக்குற மாதிரி இருக்கும்."

"இப்பதான் அடிச்சாச்சே. கேளுங்க."

"பத்து நாள்ல வெளிய வருவேன். அப்ப கேக்குறேன்."

"பத்து நாள் என்னால முடியாது."

போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவன் கண்களில் அன்றைய சிரிப்பு இல்லை. பயம் இருந்தது.

"சரி, நானே சொல்றேன்" என்றாள் ஹன்னா. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதை எந்தக் கட்டத்துலயும் தப்பா எழுதல. வாயாலதான் சொல்றேன்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். போலீஸ்காரர் தோளைத் தொட்டார். உள்ளே போய்த் திரும்பி அவளைப் பார்த்தான். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.