நாலாவதாகப் பேசியவள்

மூன்று பேர் மட்டுமே பேச வேண்டிய இடத்தில் நாலாவதாக யாரோ பேசியிருந்தார்கள்.

டாக்டர் சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்த வரி அங்கேயேதான் இருந்தது.

சனிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. ஐப்பசி மழை காலையிலிருந்து விடாமல் பெய்ததில் ஆழ்வார்பேட்டையின் அந்தச் சந்து முழங்கால் அளவுக்கு நிறைந்து, கிளினிக்கின் முதல் படியைத் தொட்டுவிட்டிருந்தது. வர வேண்டிய குழந்தைகள் ஒருவரும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பகல் பழைய துணியைப் போல வெளுத்துக் கிடந்தது. உள்ளே டெட்டால் வாசனையும், ஈரக் குடைகளின் புழுக்கமும், ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாயின் தித்திப்பும் ஒன்றாய்க் கலந்து, அசைய இடமில்லாமல் அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தன.

அவருடைய கம்ப்யூட்டர் திரையின் வலது ஓரத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த உரையாடல், கிளினிக்கின் மூன்று மென்பொருள் ஏஜென்டுகள் தமக்குள் பேசிக்கொள்வது. பெற்றோர் போன் செய்தால் எடுத்துப் பேசுவது செவி. குழந்தையின் பழைய குறிப்புகளைத் தேடித் தருவது ஏடு. இரண்டும் சொல்வதைக் கேட்டு, குழந்தையை உடனே வரச் சொல்ல வேண்டுமா, திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது காவல். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஸஹானா செய்து கொடுத்தவை. இயந்திரம் இயந்திரத்தோடு பேசுவதை மனிதன் படித்துப் புரிந்துகொள்ள முடிய வேண்டும், அதுதான் அவள் ஆராய்ச்சி. அதனால் மூன்றும் தமிழிலேயே பேசின. சுருக்கமாக, ஒழுங்காக, முன்னால் பெயர் போட்டு.

நாலாவது வரிக்கு முன்னால் பெயர் இல்லை.

‘இன்னும் முழுங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.’

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே அடுத்த வரிகள் விழுந்தன.

செவி: பேசுவது யார்?

‘ஏடுகிட்ட கேளு.’

ஏடு: பெண். வயது ஆறு. டான்சில் அறுவைக்குப் பின் ஆறாம் நாள்.

இந்த மாதம் அவர் யாருக்கும் டான்சில் எடுக்கவில்லை. ஆறாம் நாளில் இருக்கும் குழந்தை என்று அவரிடம் இப்போது ஒருத்தியும் கிடையாது. ஏதோ பழைய குறிப்பு மாறி வந்து விழுந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மிகச் சின்னது. மழைக்கு நடுவே, மழைக்கு இந்தப் பக்கம், யாரோ வாய் மூடி எதையோ விழுங்குகிற சத்தம். மடக். கொஞ்சம் இடைவெளி. மடக்.

கதவு திறந்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிஸ்டர் ஜைதூன் பீ எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அவரோடு இருப்பவள்.

“சார், தண்ணி ரெண்டாவது படிக்கு வந்துக்கினு கீது. நா கெளம்பட்டா?”

“வெளியில குழந்தை யாராவது உக்காந்திருக்கா?”

“இந்த மழையில யாரு சார் வருவா? ஹாலே காலியா கீது.” அவள் போகத் திரும்பி, நின்றாள். “இன்னா சார், ஒடம்பு சரியில்லையா? தண்ணி குட்சீங்களா? நா வந்ததிலிருந்து எச்சிய முழுங்கிக்கினே கீறீங்க.”

சுப்பராமன் கையை உயர்த்தித் தொண்டையைத் தொட்டார். விரலுக்கடியில் குரல்வளை ஏறி இறங்கியது. மடக்.

“ஒண்ணுமில்ல. நீ போ.”

அவள் செருப்பு படிகளில் இறங்கி, தண்ணீரைச் சளசளவென்று கலக்கிக்கொண்டு தூரம் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஸஹானாவுக்குப் போன் போட்டார்.

“நாலாவது ஏஜென்ட் எதுவும் நான் வைக்கல சார்” என்றாள் அவள், அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு.

“அப்போ யாரு எழுதறா?”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நடந்த உரையாடலை அழிக்கச் சொன்னீங்க. அழிச்சேன். ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சேன் சார்.”

“ஸஹானா, அதைப் பத்தி இப்ப எதுக்கு...”

“காவல் உங்களை மூணு தடவை கேட்டிருக்கு. மூணு தடவையும் நீங்க பதில் போட்டிருக்கீங்க.” அவள் குரல் உடைந்தது. “இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அவர் ஒரு மருத்துவ மாநாட்டு மேடையில் நின்றிருந்தார். இந்த மூன்று ஏஜென்டுகளைப் பற்றித்தான் பேச்சு. டாக்டரின் சுமையை இவை எப்படிக் குறைக்கின்றன என்று இருநூறு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த போன் அதிர்ந்தது. சைதாப்பேட்டையிலிருந்து தங்கபுஷ்பம் என்ற பெண். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவரின் மனைவி. மகள் பூஜாவுக்கு ஆறு நாள் முன்னால் சுப்பராமன்தான் டான்சில் எடுத்திருந்தார். அந்தத் தாய் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் செவி அனுப்பியிருந்தது: ‘பிள்ளை தூங்குறா டாக்டர். தூக்கத்துலயே எதையோ முழுங்கிக்கிட்டே கிடக்கா. எனக்குப் பயமா இருக்கு.’ அதன் கீழே காவல்: ரத்தக் கசிவு இருக்கலாம். உடனே வரச் சொல்லட்டுமா?

டான்சில் எடுத்த குழந்தை தூக்கத்தில் ஓயாமல் விழுங்கினால் அது விழுங்குவது எச்சில் அல்ல. மருத்துவம் படிக்கிற எந்த மாணவனுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் முன்வரிசையில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சரியென்று சொன்னால் மேடையை விட்டு இறங்கி அறுவை அரங்கத்துக்கு ஓட வேண்டியிருக்கும். கட்டைவிரலால் ‘வழக்கமானது’ என்ற பதில் பொத்தானை அழுத்தினார். அரைமணி கழித்து இன்னொரு தடவை. கைதட்டலுக்கு நடுவே மூன்றாவது தடவை.

சாயங்காலம் சைதாப்பேட்டைப் பாலத்து நெரிசலில், ஆட்டோவுக்குள், குழந்தை விழுங்கியதையெல்லாம் அம்மா மடியில் வாந்தியெடுத்துவிட்டுச் செத்துப்போனது.

விசாரணையில் அவர் பதற்றமில்லாமல் பேசினார். அந்தப் பெண் போன் செய்தது திங்கட்கிழமைக்கு நேரம் கேட்கத்தான், விழுங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார். கேட்டவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சேர்த்தார்: நாலாம் நாளே குழந்தைக்கு முறுக்குக் கொடுத்திருக்கிறாள், அது புண்ணைக் கிழித்திருக்கிறது. அந்த முறுக்கை அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கற்பனை செய்தார். புருஷன் நம்பினான். மாமியார் வீடு நம்பியது. பெற்ற பிள்ளையை முறுக்குக் கொடுத்துக் கொன்றவள் என்ற பெயரோடு தங்கபுஷ்பத்தை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். போகுமுன் பதினோரு நாள் அவள் கிளினிக் வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. நின்றாள், அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மடக்.

திரையில் புதிய வரி.

‘டாக்டர் அங்கிள், இப்ப நீங்களும் முழுங்குறீங்க.’

நாக்கின் அடியில் துருப்பிடித்த இரும்பின் ருசி ஊறியது. வெதுவெதுப்பாக இருந்தது. அவர் எழுந்து ஓடி, எவர்சில்வர் தட்டில் துப்பினார். வெறும் எச்சில், தண்ணீர் மாதிரி. ரத்தம் ஒரு துளி இல்லை. மறுபடி துப்பினார். இல்லை. ஆனால் ருசி இருந்தது. ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் தொண்டையில் ஏதோ ஒன்று வழுக்கிக் கீழே இறங்கியது, இறங்கிய இடத்தில் நின்று நிதானித்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. சளி வருகிற மாதிரி இல்லை. ஏணியில் ஏறுகிற மாதிரி.

போன் அடித்தது. மயிலாப்பூரிலிருந்து மனைவி ஜானு. அவசரமாகக் காதில் வைத்து, காரை அனுப்பு, உடனே அனுப்பு என்று சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

“ஏன்னா, எப்ப வரேள்? மழை இந்தக் கொட்டு கொட்றது...” என்று ஆரம்பித்த ஜானு நிறுத்தினாள். “யாரது? கொழந்தையா பேசறது?”

அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

“டாக்டர் மாமா எங்கடா கண்ணா? மாமாகிட்ட போனைக் குடு.” ஜானு எதையோ கேட்டாள். அவருக்குக் கேட்காத எதையோ. அவர் வாய்க்கு மிக அருகிலிருந்து வருகிற எதையோ. “என்னது? அம்மாகிட்ட பேசணுமா? அழப்படாது. அம்மா நம்பர் தெரியுமோ நோக்கு? சமத்தோன்னோ, சொல்லு பார்ப்போம்...”

போன் கை நழுவித் தரையில் விழுந்து அணைந்தது.

இது பயம், வெறும் பயம். பயத்தில் தொண்டைத் தசைகள் இறுகும். அவர் டாக்டர். பார்த்தால் தெரிந்துவிடும். மூக்கு வழியாக விட்டுத் தொண்டையைப் பார்க்கும் மெல்லிய கேமராக் குழாய் கொக்கியில் தொங்கியது. ஆயிரம் குழந்தைகளுக்குச் செய்திருக்கிறார். தனக்கே செய்து மாணவர்களுக்குக் காட்டியும் இருக்கிறார். மரத்துப்போகச் செய்யும் மருந்தை மூக்கில் பீய்ச்சிக்கொண்டார். விளக்கைப் போட்டார். சுவரிலிருந்த பெரிய திரை நீலமாகி, வெளுத்து, தெளிந்தது. குழாயின் நுனியை மூக்கில் நுழைத்து உள்ளே தள்ளினார்.

அதே சமயம் மேஜையிலிருந்து மெல்லிய மணியோசை கேட்டது.

காவல்: தாயை அழைக்கிறேன்.

ஒரு கையில் குழாயோடு, மறு கையை நீட்டி, ‘வழக்கமானது’ என்பதை அழுத்தினார்.

காவல்: இல்லை.

அழுத்தினார்.

காவல்: இல்லை.

முஷ்டியால் குத்தினார்.

காவல்: இல்லை. மணி அடிக்கிறது.

ஒலிபெருக்கியில் நிஜமாகவே மணி அடித்தது. எங்கோ தெற்கே, ஏதோ ஒரு வீட்டில். அவர் சுவர்த்திரையைப் பார்த்தார். இளஞ்சிவப்புச் சுவர்கள் ஈரமாகப் பளபளத்தன. நாக்கின் அடிவாரம். காயம் இல்லை. ரத்தம் இல்லை. ஒன்றும் இல்லை. பார்த்தாயா, ஒன்றுமே இல்லை. குழாய் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. வெள்ளையாக இரண்டு குரல்நாண்கள். அவற்றுக்கு நடுவே கறுப்பாகச் சின்ன இடைவெளி.

இடைவெளியின் விளிம்பில் நாலு விரல்கள்.

சின்ன விரல்கள். நகங்களோடு. ஜன்னல் கட்டையைப் பிடிப்பது போல, அவருடைய இடது குரல்நாணைக் கீழேயிருந்து பிடித்துக்கொண்டிருந்தன.

“அலோ?” தளர்ந்த பெண் குரல். “யாரு பேசுறது?”

விரல்கள் இறுகின.

அவர் குழாயை வெளியே இழுக்கப் பார்த்தார். வரவில்லை. உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள்.

“அலோ? ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரியா? யாரு?”

அவர் வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை. தாடை இறங்கியது, இன்னும் இறங்கியது, ஓரங்களில் தோல் வெடிக்கும்வரை இறங்கியது.

“எம்மா” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

“நீ மூணு தரம் போன் பண்ணுன. எனக்குத் தெரியும். நான் தூங்கல, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ முறுக்கெல்லாம் குடுக்கலம்மா.”

“பூஜா...?”

“அங்கிளுக்கும் தெரியும். பொய் சொல்லிட்டாரு.”

மூச்சு இல்லை. வெளிச்சம் ஓரங்களில் கறுத்தது. கண்கள் மட்டும் சுவரை விட்டு நகர மறுத்தன.

“இரும்மா. இதோ வந்துர்றேன்.”

திரையில் இன்னொரு கை வந்து வலது நாணைப் பற்றியது. இரண்டு கைகளும் அவற்றைத் திரைச்சீலை விலக்குவதுபோல மெதுவாக இரண்டு பக்கமும் இழுத்தன. அந்தக் கறுப்பு அகன்றது. அதற்குள்ளிருந்து, எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய ஒரு சின்னத் தலையின் வகிடு, ஈரமாக, நேராக, மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.