பின்சீட்டு சார்ஜர்

பழைய கார் வேண்டாம் என்று என் மனைவி பிரின்சி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது. யுஎஸ்பி போர்ட் மட்டும் முன்னாலும் வேலை செய்யவில்லை, பின்சீட்டிலும் வேலை செய்யவில்லை. அவளுக்கு நிறைமாதம். இந்த நேரத்தில் போன் செத்துக் கிடக்கக் கூடாதே என்று காலையில் அல்லிநகரத்து மெக்கானிக் சுருளிராஜன் கடையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

சுருளி ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருந்தது. போர்ட்டுக்குள் அடைந்த தூசியை ஊதிவிட்டு மீட்டர் வைத்தார். கரண்ட் இல்லை. கியருக்குப் பக்கத்து மூடியைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், ஒயர் தானா அறுந்து போகல. யாரோ வேணும்னே வெட்டி, கறுப்புக் கயித்தச் சுத்தி முடிச்சுப் போட்டிருக்காக. மஞ்ச வாடை அடிக்குது பாருங்க."

"அறுத்துப் போடுங்க."

"பழைய ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நாங்க சர்ச்சுக்குப் போறவுக. எங்களுக்கு எதுக்குக் கயிறு கியிறு எல்லாம்?"

அவர் கை வைக்கவில்லை. எனக்கு எரிச்சல். கத்தரியைப் பிடுங்கி நானே அறுத்து, கயிற்றைச் சாக்கடையில் வீசினேன். ஒயரைச் சேர்த்ததும் போர்ட்டில் நீல விளக்கு எரிந்தது.

அங்கிருந்து நேராகப் பண்ணைப்புரம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்த பிரின்சியை ஸ்கேனுக்காகத் தேனிக்கு அழைத்து வர வேண்டும். அங்கே காலையிலிருந்து கரண்ட் இல்லை. மாதாமாதம் நிறுத்துவார்களே, அதுதான். அவள் போன் சாகிற நிலையில் இருந்தது, என்னுடையதிலும் பாதிதான்.

"வா, கார்ல போட்டுக்கலாம்" என்றேன் பெருமையாக.

காலை நீட்ட வசதியாக அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு போனையும் செருகினோம்.

தேவாரம் தாண்டியதும் மலையிலிருந்து மழை இறங்கியது. பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. டாஷ்போர்டுத் திரையில் ஒரு வரி வந்தது.

யுவராணி இணைந்தது. சார்ஜ் 2%.

"யாருங்க யுவராணி?"

"பழைய ஓனர் போனா இருக்கும், விடு."

ஆனால் என் போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. திரையில் யுவராணிக்கு ஏறிக்கொண்டே போனது. முதலில் பிரின்சியின் போன் அணைந்தது.

பிறகு என்னுடையது.

யுவராணிக்கு எழுபது.

காருக்குள் மஞ்சள் வாடை. அதனடியில் ரத்தக் கவிச்சி.

"ஏங்க" என்றாள் பிரின்சி மெதுவாக. "அவுகள கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. எனக்கு இடமே இல்ல."

"யார?"

பதிலுக்கு ஓர் அலறல்தான் வந்தது. பனிக்குடம் உடைந்து சீட்டெல்லாம் நனைந்துவிட்டது. அதே நொடியில் எஞ்சினும் நின்றது.

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேபிள்களைப் பிடுங்கி எறிந்தேன். திரை அணையவில்லை. மழையில் இறங்கி ரோட்டில் ஓடினேன், ஈ காக்கை இல்லை. வந்த ஒரே லாரியும் என் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனது. கர்த்தரே, கர்த்தரே என்று கத்தினேன். உள்ளே அவள் துடிக்கிறாள், எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன்.

நூறு.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. பின்சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் மூச்சு வாங்கப் பேசியது. பிரின்சியின் குரல் இல்லை.

"ஆம்புலன்ஸா? தேவாரம் தாண்டித் தென்னந்தோப்புப் பக்கம். வலி வந்துருச்சு. வெரசா வாங்க. போன தடவ மாதிரி சார்ஜ் போயிரும்."

ஆம்புலன்ஸ் வந்தது. பிரின்சியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பையன் மறுபடியும் காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னொரு அம்மா எங்க சார்?"

"எந்த அம்மா?"

"போன்ல சொன்னாகளே. தாய் ரெண்டு பேரு, புள்ள ஒண்ணுன்னு."

பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த சற்று நேரத்தில் பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. வார்டில் குழந்தையைச் சுற்றியிருந்த துண்டை விலக்கினேன்.

மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

"யார் கட்டினது?" என்று நர்ஸிடம் பாய்ந்தேன்.

"உங்க வீட்டுப் பொம்பள ஒருத்தவுக கட்டினாக சார். பிரசவ அறை வாசல்லயே நின்னாகளே, ஈரச் சேலையோட."

நான் வெட்டிய இடம் அப்படியே தெரிந்தது. அதன் மேல்தான் முடிச்சு. சாக்கடை நாற்றம் இல்லை, பச்சை மஞ்சள் வாடைதான். நர்ஸின் தட்டிலிருந்த கத்தரியை எடுத்தேன்.

பிரின்சி என் கையைப் பிடித்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "ஒரு தடவ அறுத்தது போதும். அவுக பாத்துக்கிட்டு இருக்காக."

கத்தரியை வைத்துவிட்டேன். நாற்காலியில் யாரும் இல்லை. அதிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.